நீர்மானியைப் பார்க்கப் பழகுவோம்

தனித்துக் குடும்பம் சுமக்கும் சகோதரிகளைச் சந்திக்கும்போது, "இவ்வளவு தண்ணீர் நாங்கள் பாவிக்கவில்லையே" என்று நீர்ப் பட்டியலை என்னிடம் நீட்டுவார்கள். பாவனை கூடக் கூட அலகின் விலையும் கூடும். கசிவும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

சிங்கப்பூரில் 2022 முதல் பொருத்தப்படும் நவீன மானிகள் கசிவை வீட்டாருக்கு அறிவிக்கின்றன. எங்கள் சாதாரண மானியிலும் அதை அறியலாம். இரவில் தாங்கி நிரம்பியதும் குழாய்களைப் பூட்டி, சிவப்பு இலக்கங்களையும் சேர்த்துக் குறியுங்கள். விடிய, எவரும் தண்ணீர் எடுக்குமுன் பாருங்கள். இலக்கம் கூடியிருந்தால் எங்கோ கசிகிறது. நொடிக்கொரு துளி சொட்டினாலே நாளொன்றுக்குச் சுமார் 20 லீற்றர் வீணாகும்.

மலசலகூடத் தொட்டியில் சாப்பாட்டுக் கலர் சிறிது விடுங்கள். அரை மணிநேரத்தில் கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவு அங்கேதான். குறித்த இலக்கங்களைக் கொப்பியில் வைத்திருங்கள். அலுவலகத்தில் கேள்வி கேட்க அதுவே உங்கள் ஆதாரம்.