கலாபகஸ்: கிட்ட போனாலும் ஓடாத விலங்குகள்... அப்புறம் எதுக்கு 2 மீட்டர் ரூல்?

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தள்ளி, பசிபிக் கடலில் இருக்கும் எரிமலைத் தீவுகள் கலாபகஸ். இங்கே சுற்றும் பயணக் கப்பல்களில் அதிகபட்சம் 100 பேர்தான். பல கப்பல்களில் 16 பேரோடு சரி.

ரப்பர் படகில் கரைக்குப் போனால் கடல் சிங்கம் வழியை மறித்துத் தூங்கும். எழுந்திருக்காது! கறுப்பு லாவா பாறையில் கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து வெயில் காயும். கடலுக்குள் போய் பாசி மேயும் ஒரே பல்லி இனம் இதுதான். உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியே 'புஸ்'ஸுனு பீய்ச்சும்.

ஏன் பயமில்லை? வேட்டையாடும் பெரிய பாலூட்டிகள் இந்தத் தீவுகளில் இயற்கையாக இருந்ததே இல்லை. ஓடிப் பழகவே இல்லை.

அதுவே வினையாச்சு. மாதக்கணக்கில் சோறு தண்ணி இல்லாமல் உயிரோடு இருக்கும் என்பதால், 19-ம் நூற்றாண்டுத் திமிங்கில வேட்டைக்காரர்கள் ராட்சத ஆமைகளைக் கப்பலில் அடுக்கிக்கொண்டு போனார்கள், கறிக்காக. பின்டா தீவு ஆமைகளில் கடைசியாக மிஞ்சிய 'லோன்சம் ஜார்ஜ்' 2012-ல் இறந்தது.

அதனால்தான் இப்போது கெடுபிடி. பூங்காவின் பார்வையிடங்களில் கைடு கட்டாயம், விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கணும். குட்டி கடல் சிங்கம் அதுவாகவே காலடிக்கு வந்தால்? நீங்கதான் பின்னால் நகரணும்.