ஓட்டையில்லாத டயரில் காற்றுக் குறைவது ஏன்?

நமது திருவண்ணாமலை ஜில்லாவில் டிராக்டரும் டிரெய்லரும் இல்லாத கிராமம் இந்நாளில் அரிது. மோட்டார் காரும் டயர் மாட்டுவண்டியும் வைத்திருப்போரும் அநேகர். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதிலும், கலப்பைக் கொழுவைச் செப்பனிடுவதிலும் மிகுந்த கவனமுள்ள குடியானவர்கள்கூட, சக்கரத்திலுள்ள காற்றைப்பற்றி மட்டும், "ஆணி குத்தினால் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாளாவிருந்துவிடுகின்றனர். ஆணி குத்தாமலே காற்றுக் குறையும் என்பதையும், அக்குறைவு பொருளுக்கும் சில சமயங்களில் உயிருக்குமே கேடு விளைவிக்கும் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கிராமத்தில் நேர்ந்த சச்சரவு

சென்ற தை மாதத்தில் மணிலாப் பயிரைப் பார்வையிடும்பொருட்டுத் தண்டராம்பட்டுச் சாலையை அடுத்த ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே பஞ்சர்க் கடையின் முன் சிறு கூட்டம் கூடியிருந்தது. நிலக்கிழார் ஒருவர் ஐப்பசி மாதத்தில் தம் டிரெய்லரின் நான்கு டியூபுகளையும் அக்கடையில் சரிபார்த்து வாங்கி, வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். நெல் அறுவடைக்காக வெளியே எடுத்தபொழுது நான்கு டயர்களும் அமுங்கியிருக்கக் கண்டார். வேலை செய்யாமலே கூலி வாங்கிவிட்டதாகக் கடைக்காரர்மீது குற்றஞ் சாட்டினார். கடைக்காரரோ இருபது வருஷமாக அவ்வூரில் பிழைப்பவர். பலர் முன்னிலையில் பேச்சுக் கேட்க நேர்ந்ததால் கண்கலங்கி நின்றார்.

கிராம நிர்வாக அதிகாரியும் நானும் உடனிருந்து சோதித்தோம். கழற்றுமுன் கேஜ் என்னும் அழுத்தமானியை வைத்துப் பார்த்ததில், நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றுக் குறைந்திருந்தது. பின்னர் டியூபுகளை வெளியே எடுத்து, காற்றடைத்து, ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினோம். ஒரு குமிழியும் எழவில்லை. வால்வின் வாயில் சோப்பு நுரையைத் தடவினோம், நுரை அசையவில்லை. ஓட்டை இல்லையென்பது நிச்சயமாயிற்று. காற்றுப் போனதும் நிச்சயம். "அப்படியானால் காற்று எங்கே போயிற்று, ஐயா?" என்று நிலக்கிழார் வினவினார். அன்று அவருக்குச் சொன்ன விடையையே ஈண்டு விரித்துக் கூறுகிறேன்.

ரப்பரின் இயல்பு

தீபத் திருவிழாவுக்குச் சென்று திரும்பும் குழந்தை பலூன் ஒன்று வாங்கி வருகிறது. மறுநாள் காலையில் அது சுருங்கித் தரையில் கிடக்கிறது. கட்டிய முடிச்சு அவிழவுமில்லை, முள் குத்தவுமில்லை. காற்று ரப்பரின் ஊடே சென்றுவிட்டது. டயரில் நிகழ்வதும் இதுவே. ஆனால் டயர் கனமானதாகையால் நாட்களில் நடப்பது மாதங்களில் நடக்கிறது.

ரப்பர் இரும்பைப்போல் இறுகிய பொருளன்று. மிக நீண்ட இழைகளைப் போன்ற மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே ரப்பர். அவ்விழைகள் வெப்பத்தினால் ஓயாது அசைந்துகொண்டேயிருக்கும். களத்தில் வைக்கோலை உதறும்பொழுது, தாளிடையே சிக்கிய நெல்மணி இடுக்கு இடுக்காக இறங்கிக் கீழே வந்து சேர்வதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே காற்றின் அணுக்கூட்டங்கள் ரப்பரின் உட்புறத்திற் கலந்து, இழைகளின் அசைவினால் உண்டாகும் இடுக்குகளின் வழியே மெல்ல நகர்ந்து, வெளிப்புறத்தில் விடுபடுகின்றன. 30 பவுண்டு அழுத்தமுள்ள டயரினுள் காற்று வெளிக்காற்றைப்போல் சுமார் மூன்று மடங்கு நெருக்கமாக அடைந்திருப்பதால், உள்ளிருந்து வெளியே செல்வதே மிகுதி. வெப்பம் ஏற ஏற இந்நகர்வும் விரைவாகும்.

இது புதிய செய்தியன்று. தாமஸ் கிரஹாம் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து ரசாயன சாஸ்திரி 1866-ம் வருஷத்திலேயே இதனை அளந்து வெளியிட்டார். ரப்பரின் ஊடே நைட்ரஜனைவிட ஆக்ஸிஜன் சுமார் 2½ மடங்கும், கரியமில வாயு சுமார் 13½ மடங்கும் விரைவாகச் செல்லும் என்று அவர் கண்டார். வாயால் ஊதிய பலூன் விரைவிற் சுருங்குவதற்கு நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவும் ஒரு காரணமாகும். பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த சக்கரம் செய்தது 1887-88-ம் வருஷங்களில்தான். ஆகவே டன்லப்பின் சக்கரம் ஓடத் தொடங்குமுன்னரே அதன் காற்றுக் குறைவுக்குரிய காரணம் தெரிந்திருந்தது எனலாம்.

இயற்கை ரப்பரினும் காற்றை நன்கு தடுக்கும் ப்யூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் 1937-ம் வருஷம் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. இயற்கை ரப்பர் விடும் காற்றில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கையே அது விடும். இக்காலத்து டியூபுகளும், டியூபில்லாத டயரின் உட்பூச்சும் பெரும்பாலும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் குறைவு மிகச் சிறிதாயிற்றேயன்றி, அற்றுப்போகவில்லை.

குமிழி எழாதது ஏன்?

ஓட்டத்திலுள்ள கார் டயரில் மாதம் சுமார் 1 பவுண்டு குறைவது சாதாரணம். அதனுள் 30 லிட்டர் இடம் உண்டென்று கொண்டால், மாதமொன்றுக்கு வெளியேறும் காற்றுச் சுமார் 2 லிட்டர். மணிக்குக் கணக்கிட்டால் 3 மில்லி லிட்டருக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டியும் நிரம்பாத அக்காற்று, டயரின் எல்லாப் பரப்பிலும் பரவி வெளியேறுகிறது. பத்து நிமிஷம் தொட்டியில் வைத்தால் குமிழி எங்கிருந்து எழும்? ஆகவே குமிழி எழவில்லை என்பதனால் பஞ்சர் இல்லை என்று கொள்ளலாம். காற்றுக் குறையாது என்று கொள்ளலாகாது.

வெயிலும் பனியும்

காற்றுச் சிறிதும் வெளியேறாமலே அழுத்தம் குறைவதும் உண்டு. 30 பவுண்டு அடித்த டயரில், வெப்பம் 10 டிகிரி செல்ஷியஸ் தணிந்தால் அழுத்தம் சுமார் 1½ பவுண்டு தணியும். நம் பக்கத்தில் அக்கினி நட்சத்திரத்து நடுப்பகலில் வெப்பம் 40 டிகிரியை எட்டும். மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு அருகே இறங்கும். கோடைப் பகலில் அடித்த காற்று, மார்கழிக் காலையில் இதனால் மட்டுமே சுமார் 3 பவுண்டு குறைந்து நிற்கும். இதனோடு மாதந்தோறும் ரப்பரின் ஊடே செல்வதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சேற்றுழவில் வால்வினுள் மண் புகுதல், வால்வு மூடி தொலைந்துபோதல், டியூபில்லாத டயர் பொருந்தும் ரிம் துருப்பிடித்தல் ஆகியவையும் சிறுகச் சிறுகக் காற்றை வாங்கும்.

குறைவினால் வரும் கேடு

பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று பலர் எண்ணுகின்றனர். பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளேயுள்ள காற்றே. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அதனால் சூடு மிகுந்து, உள்ளிருக்கும் நூலடுக்குகள் பிரிகின்றன. டயரின் இரு ஓரங்களும் நடுப்பகுதியைவிட முன்னதாகத் தேய்கின்றன. வண்டியை இழுக்கும் பாரம் கூடுகிறது. டீசல் கூடுதலாகச் செலவாகிறது. மாட்டுவண்டியானால் அப்பாரம் எருதுகளின் கழுத்தில் ஏறுகிறது. ஒரு பக்கத்து டயரில் மட்டும் காற்றுக் குறைந்தால் வண்டி அப்பக்கமே இழுத்துச் செல்ல, நுகத்தடி கோணிக் கழுத்துப் புண் உண்டாகவும் ஏதுவாகும்.

நான் அறிந்த ஒரு குடியானவர், பஞ்சர் இல்லையென்ற தைரியத்தில், மூன்று மாதம் நின்றிருந்த டிரெய்லரில் நெல்மூட்டைகளை நிறைய ஏற்றிச் சித்திரை வெயிலில் விற்பனைக்கு அனுப்பினார். வழியில் இடப்புறத்து டயர் வெடித்தது. டிரெய்லர் சாய்ந்து, மேலே அமர்ந்திருந்த கூலியாளுக்குக் கால் முறிந்தது. வைத்தியச் செலவை அவரே ஏற்றார். ஆனால் அவ்வாளின் நடை பழைய நிலைக்கு வரவில்லை. புறப்படுமுன் இரண்டு நிமிஷம் அழுத்தமானியை வைத்துப் பார்த்திருந்தால் அவ்வபாயம் முன்னரே தெரிந்திருக்கும். மூட்டைமேல் ஆளை ஏற்றுவது எந்நாளும் தகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

செய்ய வேண்டியவை

முதலாவது, டயரைக் காலால் உதைத்தும் கண்ணால் பார்த்தும் காற்றை மதிப்பிடலாகாது. 30 பவுண்டுக்கும் 24 பவுண்டுக்கும் உள்ள பேதம் கண்ணுக்கு எளிதில் தோன்றாது. அழுத்தமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுதல் அவசியம்.

இரண்டாவது, காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகக் காட்டும். அதனைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் குளிர்ந்தபின் குறைந்துவிடும்.

மூன்றாவது, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையும், பெரும்பாரம் ஏற்றுமுன் ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். ஸ்டெப்னியையும் மறவாதீர்கள், ஓடாமலிருக்கும் டயரும் காற்றை இழக்கவே செய்கிறது.

நான்காவது, எவ்வளவு காற்று என்பதை வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தைப் பார்த்தே அறிய வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவாகும். டிராக்டரின் பின்டயருக்கு, வயலில் பிடிப்பு உண்டாகவும் மண் இறுகாதிருக்கவும் குறைந்த அழுத்தமும், சாலையில் பாரம் இழுக்க அதனினும் கூடுதலான அழுத்தமும் வேண்டும். வயலழுத்தம் 12 பவுண்டாயிருக்கும் டயரில் 3 பவுண்டு குறைவது, நாலிலொரு பங்கு குறைவதாகும். முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பின்டயரில் காற்றுக்குரிய இடம் கால் பங்கே. ஆகையால் அதே அளவு காற்றுப் போனாலும், அழுத்தம் நான்கு மடங்கு குறையும். அத்தகைய டயரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, அளந்ததை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். இதுவே எல்லாவற்றிலும் பிரயோஜனமானது. எல்லா டயர்களிலும் ஒத்த அளவில் மெல்லக் குறைந்தால் அது ரப்பரின் இயல்பும் பருவத்தின் விளைவும் ஆகும். ஒரு டயரில் மட்டும் மற்றவற்றினும் விரைவாகக் குறைந்தால் அங்கே ஆணியோ, வால்வுக் கோளாறோ உண்டு. உடனே கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஆறாவது, நெடுநாள் நிறுத்தும் வண்டியை நிழலில், அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து, டயரில் பாரம் விழாதபடி நிறுத்துங்கள். வெயிலும் டீசலும் எண்ணெயும் ரப்பருக்குப் பகை.

நைட்ரஜன் அடித்தால் இத்தொல்லை இல்லையா என்று சிலர் கேட்கின்றனர். நாம் அடிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் பத்திரிகை 2007-ம் வருஷம் வெளியிட்ட சோதனையில், ஓடாமல் ஒரு வருஷம் வெளியில் வைத்திருந்த டயர்களில், சாதாரணக் காற்று சராசரி 3.5 பவுண்டும் நைட்ரஜன் 2.2 பவுண்டும் குறைந்தன. லாபம் உண்டு, ஆனால் சிறிது. எதை அடித்தாலும் அளந்து பார்க்கும் கடமை நீங்காது.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

அழுத்தமானி ஒன்றைக் கூட்டுறவுச் சங்கத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ பொதுவில் வைத்தால், சொந்தமாக வாங்காதவர்களும் பயனடைவர். அறுவடைக் காலத்தில் பாரவண்டிகள் ஊரைவிட்டுப் புறப்படுமுன் காற்றைப் பார்த்தனுப்பும் பழக்கத்தை அதிகாரிகள் வற்புறுத்துவார்களாயின், ஆட்சேதமும் பொருட்சேதமும் பெரிதும் குறையும்.

மேற்கூறிய சச்சரவும் நல்லபடியே முடிந்தது. நான்கு டயர்களும் ஒரே அளவில் குறைந்திருந்ததே கடைக்காரருக்குச் சாட்சியாயிற்று. நிலக்கிழார் விஷயத்தை உணர்ந்து, அங்கிருந்தோர் கேட்கவே, "நான் சொன்னது தப்பு" என்றார். கடைக்காரர் அன்று காற்றடித்ததற்குக் கூலி வேண்டாமென்றார். நிலக்கிழார் வற்புறுத்திக் கொடுத்தார். மறுமுறை நான் அவ்வூருக்குச் சென்றபொழுது, அவர் வீட்டுக் கொட்டகைத் தூணில் ஓர் அழுத்தமானியும், அதனருகே கயிற்றில் கட்டிய ஒரு நோட்டும் தொங்கக் கண்டேன்.