வில்வண்டியும் பந்தயக் காரும்

வில்வண்டியின் வில்லே இன்று காரின் ஸ்பிரிங். கூம்புகளிடையே காரை வளைத்தோட்டிக் காலங்கணிக்கும் போட்டியை மலேசியாவில் ஜிம்கானா என்பர். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் (சருகுமான் என்பது பொருள், பொருத்தமான பெயரே) போன்ற சிறு கார்களில் முன்சக்கரங்களே இழுக்கவும் திருப்பவும் வேண்டும், எஞ்சின் பாரமும் அவற்றின் மேலேதான். ஆகவே விரைந்து திருப்பினால் முன்பக்கம் வெளியே வழுகும். இதற்குப் பின்னால் விறைப்பான ஸ்பிரிங் மாட்டுவது விந்தையாகத் தோன்றலாம். வளைவில் பாரம் வெளிச்சக்கரத்திற்குச் சாய்கிறது. டயரின் பிடிப்போ, பாரம் இரட்டித்தால் இரட்டிப்பதில்லை. பின்புறம் விறைத்தால் அச்சாய்வின் பெரும்பங்கைப் பின்சக்கரங்கள் ஏற்றுப் பிடிப்புக் குன்றும். முன்சக்கரங்களின் பிடிப்பு மிகும். மைதானத்தில் இது நன்மையே. ஆனால் அதே காரில் அம்பாங்கிலிருந்து உலு லங்காட்டுக்கு மழையில் மலைச்சாலை ஏறுவோர், வளைவில் திடீரென வேகத்தைத் தளர்த்தினால் பின்பக்கம் சுழன்றுவிடக்கூடும். போட்டிக்கென ஏற்றிய பின்டயர்க் காற்றையேனும் பழைய அளவுக்கு இறக்கிய பின்னரே வீடு திரும்பல் வேண்டும்.