பழைய காரும் புதிய குளிரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்பது நம் முன்னோர் வாக்கு. வரவு செலவுக்குச் சொல்லப்பட்ட இப்பழமொழி ஒரு காருக்குக் குளிர்சாதனம் பொருத்துவதற்கும் பொருந்தும் என்பதை நான் சென்ற கோடை விடுமுறையில்தான் அறிந்தேன். அறிந்ததைச் சக மாணவ மாணவியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பதினைந்து ஆண்டுகளாகச் சார்ஜாவில் ஒரு பட்டறையில் கார் ஏ.ஸி. மெக்கானிக்காக இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கடந்த ஆண்டு மே மாதம் அவர் தொலைபேசியில், "பாப்பா, நீ வெப்பம் பத்தித்தானே படிக்கிற? பெரிய கம்ப்ரஸரா போட்டும் சிக்னல்ல நின்னா குளிர் வரலை. ஏன்னு உங்க வாத்தியார்கிட்ட கேட்டுச் சொல்லு" என்றார். அந்தக் கார் 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட பாண்டியாக் ஜி.டி.ஓ. அதன் உரிமையாளர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார். பட்டறை முதலாளி என் தந்தையாரின் அரை மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்.

புஜபலக் கார்கள்

அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்று அழைக்கும் வகையைப் புஜபலக் கார் எனலாம். நடுத்தர அளவுள்ள காரில் மிகப் பெரிய எஞ்சினை வைப்பதே இதன் தத்துவம். 1964இல் வந்த ஜி.டி.ஓ.வை இவ்வகையின் முன்னோடி என்பர். 1968 ஜி.டி.ஓ.வின் எஞ்சின் 6.6 லிட்டர் கொள்ளளவும் 350 குதிரைத் திறனும் உடையது.

இவ்வளவு வலிமையிருந்தும் இவற்றில் பல ஏ.ஸி. இல்லாமலே விற்பனையாயின. வேகத்தை விரும்பியவர்கள் கூடுதல் எடையை விரும்பவில்லை. சில கார்களுக்குக் கேட்டாலும் கிடைக்காது. 1969 செவர்லே கமாரோ இஸட்-28, கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் பொருத்திய கார்கள் ஆகியவற்றைத் தொழிற்சாலை ஏ.ஸி.யோடு வாங்க முடியாது. அன்று இளைஞராய் அக்கார்களை விரும்பியவர்கள் இன்று முதியவர்கள். ஆகவே பழைய கார்களுக்குப் புதிதாக ஏ.ஸி. செய்து விற்பதே அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. டெக்ஸாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில் 1976இல் தொடங்கிய வின்டேஜ் ஏர் இத்துறையில் பெயர் பெற்ற நிறுவனம்.

மூன்று வழிகள்

பழைய காருக்குக் குளிர் வேண்டுவோர்முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, தொழிற்சாலை கொடுத்த பழைய சாதனத்தையே புதுப்பிப்பது. காரின் அசல் தோற்றத்தைப் பொன்போல் போற்றுவோர்க்கு இது ஏற்றது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் 1962 முதல் பயன்படுத்திய ஏ-6 கம்ப்ரஸர் மட்டுமே ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ளது. இன்று பெரிதும் பயன்படும் ஸாண்டன் கம்ப்ரஸர் ஐந்து சிறு பிஸ்டன்களைக் கொண்டது. எடை அதில் பாதிகூட இல்லை.

இரண்டாவது, டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடும் பெட்டி. செலவு குறைவு, வேலை எளிது. ஆனால் முன்னிருக்கைக்காரரின் முழங்காலை இடிக்கும். பின்னிருக்கைக்குக் காற்று போய்ச் சேராது.

மூன்றாவது, அந்தந்தக் காருக்கென்றே அளவெடுத்துச் செய்த தொகுப்பு. பழைய ஹீட்டர் பெட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் டேஷ்போர்டுக்குள் மறைந்து உட்காரும். இதை வரவழைக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார் முதலில் தொழிற்சாலை ஏ.ஸி.யோடு வந்ததா, இல்லாமல் வந்ததா என்பதைச் சொல்லியே கேட்க வேண்டும். ஏனெனில் ஒரே ஆண்டின் ஒரே காரிலும் இவ்விரண்டுக்கும் எஞ்சினுக்குப் பின்னுள்ள தகட்டின் துளைகள் வேறு வேறாக இருக்கும்.

எங்கள் கதையில் உரிமையாளர் கேட்டது இரண்டாவது வழி. செலவைக் குறைக்க, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய கண்டென்சரைப் போடச் சொன்னார் முதலாளி. குறையை ஈடுகட்டப் பெரிய கம்ப்ரஸர் வைக்கப்பட்டது.

குளிர் எங்கிருந்து வருகிறது?

நான் எங்கள் வெப்பவியல் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் விடை சொல்லவில்லை. "உள்ளே எடுத்த வெப்பம் எங்கே போயிற்று?" என்று ஒரே கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார். அந்தக் கேள்விக்குள்தான் முழு விடையும் இருந்தது.

குளிர் என்று தனியாக ஒரு பொருள் இல்லை. ஏ.ஸி. குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் கொட்டுகிறது. கூலிங் காயிலில் திரவம் ஆவியாகும்போது காருக்குள் உள்ள வெப்பத்தை உள்ளுறை வெப்பமாக உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி அனுப்புகிறது. காரின் முகப்பிலுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் திரவமாகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காருக்குள்ளிருந்து 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறோம் என்று கொள்வோம். கம்ப்ரஸர் செய்யும் வேலை 2 கிலோவாட் என்றால், கண்டென்சர் வெளியேற்ற வேண்டியது 7 கிலோவாட். வெளிக்காற்று 45 டிகிரி. வெப்பம் மேலிருந்து கீழேதான் பாயும் என்பதால் கண்டென்சரிலுள்ள கேஸ் 60 டிகிரியாவது இருக்க வேண்டும். ஆர்-134ஏ என்னும் கேஸுக்கு 60 டிகிரியில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 17 மடங்கு. கார் சிக்னலில் நின்றால் காற்றோட்டம் குறைகிறது. அப்போது அதே வெப்பத்தை வெளியேற்ற கேஸ் இன்னும் சூடாக வேண்டும். 70 டிகிரியில் அழுத்தம் 21 மடங்காகிவிடும். கம்ப்ரஸர் திணறுகிறது, அழுத்தம் வரம்பை மீறாதிருக்க வைத்த சுவிட்ச் அதை நிறுத்திவிடுகிறது. மேலும் கண்டென்சரைத் தாண்டி வரும் வெந்த காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. எனவே எஞ்சினும் கொதிக்கிறது.

பெரிய கம்ப்ரஸர் இந்நோய்க்கு மருந்தாகாது. அதே சிறிய கண்டென்சர்மேல் அது இன்னும் அதிக வெப்பத்தைத்தான் ஏற்றும். ஆகவே ஏ.ஸி.யைத் தேர்ந்தெடுப்பவர் டேஷ்போர்டிலிருந்து தொடங்காமல் காரின் முகப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கேஸும் எண்ணெயும்

அக்காலக் கார்களில் ஆர்-12 கேஸ் இருந்தது. இவ்வகைச் சேர்மங்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தனர். 1987 மான்ட்ரீல் உடன்படிக்கையின் விளைவாக அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி 1995 இறுதியோடு நின்றது. அதன் இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைக் கெடுக்காது; ஆயினும் புவி வெப்பத்தைக் கூட்டும். எனவே ஒழுகவிடுவது குற்றமே.

கேஸ் மாறினால் எண்ணெயும் மாற வேண்டும். ஆர்-12க்கு உரிய கனிம எண்ணெய் ஆர்-134ஏயோடு கலந்து ஓடாது. கம்ப்ரஸர் வறண்டு இறுகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ்கள் வழியே புதிய கேஸ் கசியுமாதலால் உட்பூச்சுள்ள ஹோஸ் தேவை. டிரையரையும் புதிதாகப் போட வேண்டும். கேஸ் ஏற்றுமுன் வாக்குவம் பம்பை நெடுநேரம் ஓட்ட வேண்டும். 30 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசம். உள்ளழுத்தம் அதற்குக் கீழே போனால் குழாயிலுள்ள ஈரம் அறை வெப்பநிலையிலேயே கொதித்து வெளியேறும். ஆய்வுக்கூடத்தில் நாம் ஏட்டில் எழுதும் எண், பட்டறையில் ஒருவர் பிழைப்பைக் காக்கிறது!

நான் தவறிய இடம்

"அப்பா, சின்ன கம்ப்ரஸர் போடுங்க" என்று பெருமையோடு சொன்னேன். அவர் சிரித்தார். "சிக்னல்ல எஞ்சின் மெதுவாத்தான் சுத்தும். அப்போ சின்னதும் கேஸை இழுக்காது பாப்பா. கண்டென்சர்தான் சரியில்லேன்னா அதை மாத்திடுறேன்" என்றார். என் கணக்கில் எஞ்சினின் வேகம் என்ற ஒன்றே இல்லை!

இம்முறை அந்தக் காருக்கென்றே செய்த தொகுப்பு வந்தது. அதனுடன் வந்த கண்டென்சர், பல மெல்லிய பாதைகளில் கேஸ் ஒரே சமயத்தில் பாயும் புதிய வகை. ரேடியேட்டர் ஃபேனுக்கு உறை போட்டார். முகப்பில் கூடுதலாக ஒரு மின்விசிறி வைத்தார். பழைய ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியரைக்கூடத் தாங்காது என்பதால் அதையும் மாற்றினார். தரைக்கும் எஞ்சின் தகட்டுக்கும் வெப்பத் தடுப்பு விரிப்பு ஒட்டினார். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பக்கவாட்டில் இருந்த இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைத்தார். அந்தச் சந்து வழியே எஞ்சினின் வெந்த காற்று முன்னால் சுற்றி வருவதைக் கையை வைத்துப் பார்த்தே கண்டுபிடித்தாராம். இது நான் படித்த எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஜூலை மாதத்து நண்பகலில் காரை நிறுத்திய இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிட்டனர். காற்று வரும் வாயில் வைத்த வெப்பமானி 11 டிகிரி காட்டியது. ரேடியேட்டர் கொதிக்கவில்லை.

பிடித்த சம்பளம் திரும்பி வரவில்லை. ஆனால் இப்போது சாமான் வாங்குமுன் முதலாளி என் தந்தையாரைக் கேட்கிறாராம்.

நண்பர்களே! குளிர்சாதனம் என்பது கடையில் தனித்தனியே வாங்கிக் கோர்க்கும் பொருள் அன்று. எடுக்கும் வெப்பம், அழுத்தும் விசை, வெளியேற்றும் பரப்பு, அதன்மேல் ஓடும் காற்று ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று தகுந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் பெரிதானால் மற்றவை நோகும். அதைத்தான் நம் முன்னோர் விரலையும் வீக்கத்தையும் வைத்துச் சொல்லிப் போயினர்.