மடக்குக் கத்தியை வயல் வேலைக்குத் தக்கபடி திருத்திக் கொள்ளலாம்

கட்டுத்தறியில் நிற்கும் கன்று, கழுத்துக் கயிற்றில் காலை மாட்டிக்கொண்டு விழுந்துவிடுகிறது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் மூச்சு வரும். மற்றொரு கையால் கயிற்றை அறுத்தாக வேண்டும். மடியில் இருப்பதோ, ஒரு கையால் பிடித்து மறு கை நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டிய பழைய பேனாக்கத்தி. ஒரு கையால் திறக்கக்கூடிய மடக்குக் கத்தியின் அருமை இம்மாதிரி நேரத்தில்தான் தெரியும்.

அலகின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு குமிழும், கைப்பிடியில் பேனா மூடியில் இருப்பது போன்ற கிளிப்பும் உள்ள கத்திகள் இப்போது பல ஊர்களில் விற்கின்றன. குமிழைக் கட்டைவிரலால் தள்ளினால் அலகு திறந்து பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-ல், பையில் செருகக் கிளிப்பும், கட்டைவிரலால் திறக்க அலகில் ஒரு வட்டத் துளையும் கொண்ட கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துளைக்குப் பதில் குமிழ் வைத்தவையே இன்று அதிகம். ஆனால் இவையெல்லாம் கால்சட்டைப் பையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. வேட்டியை மடித்துக் கட்டி வரப்பு வெட்டுபவருக்கு, கடையில் வாங்கியபடியே இவை ஒத்துவருவதில்லை.

முதலில் கிளிப்பைக் கவனிக்க வேண்டும். மெல்லிய வேட்டித் துணியில் அது பிடிக்காது. குனிந்தால் கத்தி நழுவி வாய்க்காலில் விழும். இடுப்பில் கட்டும் அகலமான பெல்ட்டின் பையிலோ, வேட்டிக்கு உள்ளே அணியும் அரைக்கால் சட்டையின் பையிலோ செருகுவதே சரி. பெல்ட் தடிமனாக இருந்து கிளிப் ஏறவில்லையென்றால், அதைக் கழற்றிக் கையால் சிறிது சிறிதாக வளைத்துப் பார்க்கலாம். சுத்தியால் தட்டக் கூடாது. வில் எஃகு ஆனதால் சட்டென்று ஒடிந்துவிடும்.

பல கத்திகளில் கிளிப்பை வலம், இடம் என மாற்றிப் பொருத்தக் கைப்பிடியில் கூடுதல் துளைகள் உண்டு. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இதைப் பயன்படுத்திக் கொள்ளலாம். மறைகள் மிகச் சிறியவை; நட்சத்திரத் தலை உள்ளவை. சாதாரணத் திருப்புளியால் நெம்பினால் தலை மழுங்கிப் பிறகு யாராலும் கழற்ற முடியாது. செல்போன் பழுது பார்க்கும் கடையில் இதற்கேற்ற சிறு திருப்புளி இருக்கும். மறையைத் திரும்ப முடுக்கும்போது, அதன் புரியில் ஒரு சொட்டு நகப்பூச்சு இட்டால் எளிதில் தளராது. கத்தியைச் சுருக்குப்பையில் வைத்துக்கொள்ளும் பெண்கள் கிளிப்பை அடியோடு எடுத்துவிடலாம். பையில் உள்ள மற்றப் பொருள்களில் மாட்டி இழுப்பதுதான் அதன் வேலையாக இருக்கும்.

பையில் இருக்கும்போது கத்திமுனை மேல் நோக்கி இருக்கிறதா, கீழ் நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மிக அவசியம். மேல் நோக்கி இருந்து அலகு சிறிது திறந்திருந்தால், எடுக்கப் போகும் விரலில் குத்தும். கீழ் நோக்கி இருந்தால் உட்காரும்போது தொடையைப் பதம் பார்க்கும். எப்படி இருந்தாலும், அலகின் முதுகு பையின் தையல் ஓரத்தை ஒட்டி இருக்குமாறு செருகினால், அலகு திறக்க இடம் இராது. பொத்தானை அழுத்தியதும் வில்லால் பாய்ந்து திறக்கும் கத்திகளை மடியில் வைக்கவே வேண்டாம்.

குமிழ் இல்லாத கத்தியில் குமிழ் வைக்கச் சிலர் கொல்லுப் பட்டறைக்குப் போகிறார்கள். பதம் ஏற்றிய அலகில் சாதாரணத் துளைக் கருவி இறங்காது என்பதால் அதை நெருப்பில் காட்டி இளக்குவதும் உண்டு. அத்தோடு கத்தி கெட்டது. சாதாரண எஃகு நீலம் பூக்கும் அளவுக்குச் சூடேறினால் பதம் போய்விடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அலகின் முதுகில் கவ்விச் சிறு மறையால் இறுகும் தனிக் குமிழ்கள் கிடைக்கின்றன, அவற்றைப் பொருத்தலாம். பொருத்திய பின் கத்தி முழுதும் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழ் தட்டி, கூர் ஓரம் நூலளவு வெளியே நின்றாலும் அது ஆபத்தே.

குமிழைவிடப் பூட்டு முக்கியமானது. பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டுவரும் ஒபினெல் என்ற மடக்குக் கத்தியில் ஆரம்பத்தில் பூட்டே கிடையாது. அலகு மடங்காமல் நிறுத்தும் வளையத்தை 1955-ல்தான் சேர்த்தார்கள். நம் வயலில் பூட்டுக்கு எதிரி சேறு. சேறு காய்ந்து உட்தகட்டின் இடுக்கில் அடைத்துக்கொண்டால், பூட்டு பாதிதான் விழும். அழுத்தி வெட்டும்போது அலகு விரல் மேல் மடங்கும். வாரம் ஒரு முறை கத்தியைத் திறந்து, விரல்களை மடங்கும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். மடங்கினால் கழுவித் துடைத்து மறுபடி பார்க்கலாம். அப்போதும் மடங்கினால் அந்தக் கத்தியை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

அலகு பக்கவாட்டில் ஆடினால் அச்சு மறையைக் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நிற்கவும் வேண்டும், கட்டைவிரலுக்கு அலகு இலகுவாக அசையவும் வேண்டும். அச்சுக்குத் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும்.

இதே கத்தியால் மாவில் ஒட்டுக் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடைக் கத்தி இருபுறமும் சரித்துத் தீட்டப்பட்டது. ஒட்டுக் கத்தி ஒரு புறம் தட்டை, மறு புறம் மட்டும் சரிவு. தட்டைப் பக்கம் ஒட்டுக்குச்சியின் மேல் படிந்து செல்வதால், வெட்டு மேடு பள்ளமின்றி அமையும். பட்டைக்கு அடியில் உள்ள வளரும் திசு வேர்ச்செடியின் திசுவோடு ஒட்டும். மடக்குக் கத்தியையும் ஒரு புறமாகத் தீட்டி மாற்றலாம். ஆனால் குமிழ் சாணைக்கல்லில் இடிப்பதால், அலகின் அடிப்பகுதியைக் கல்லின் ஓரத்துக்கு வெளியே நிறுத்தித் தீட்ட வேண்டும். அப்படி மாற்றிய கத்தியால் கயிறும் உரச் சாக்கும் அறுத்தால் ஒரே நாளில் மழுங்கும். எனவே ஒட்டுக்கு வேறு கத்தி வைத்துக்கொள்வதே லாபம்.

எலுமிச்சை, சாத்துக்குடியில் மொட்டுக் கட்டுவோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவ்வின மரங்களைத் தாக்கும் சில நச்சுயிரி நோய்கள் கத்தி வழியாகவே மரத்துக்கு மரம் பரவுகின்றன. மடக்குக் கத்தியின் இடுக்கில் தங்கும் சாற்றைத் துடைத்தெடுப்பது கடினம். வீட்டு உபயோகத்துக்கான பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அலகை நனைக்கலாம். அந்தத் திரவம் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் திறந்து வைத்து உலர்த்தி, எண்ணெய் தடவிய பிறகே மடக்க வேண்டும்.