பீலிக்கரையில் ஒரு பாடம்

ஆக்கத்திறன் என்றதும் ஓவியமும் கவிதையுமே பலருக்கு நினைவில் எழும். ஆனால், அயலார் படும் இடரைக் கண்டு, அதனைத் தீர்க்கப் புதுவழி தேடும் அறிவும் ஆக்கத்திறனேயாகும். இதனை வளர்க்க வல்லது தொண்டுவழிக் கல்வி.

1958ஆம் ஆண்டிலே கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, மாணவரையும் சக ஆசிரியரையும் கனதொலுவ என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் ஊர் அது. அம்மக்களோடு சேர்ந்து மாணவர் உழைத்தனர். பின்னர் நாடெங்கும் பரவிய சர்வோதய சிரமதான இயக்கத்துக்கு அதுவே வித்தாயிற்று. ஆயினும் உழைப்பு மட்டும் கல்வியாகிவிடாது. குப்பையைக் கூட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பி அதனை மறந்துவிடுவது நற்செயலாகலாம், பாடமாகாது.

கொத்மலையை எடுத்துக்கொள்வோம். கீழே, மகாவலித் திட்டத்தின்கீழ் 1985இல் நிறைவுற்ற பெரிய நீர்த்தேக்கம். மேலே, தேயிலைச் சரிவுகளும் லயங்களும். அங்கே ஊற்றுநீர் வரும் பீலியொன்று கோடையில் மெலிவதாகக் கொள்வோம். ஒரு குடம் நிறையக் காலையில் எத்தனை நிமிடம், மாலையில் எத்தனை நிமிடம் என்று மாணவர் அளந்து எழுதுவர். கணிதம் அங்கே தொடங்குகிறது. ஊற்றின்மேல் முன்பு எம்மரங்கள் நின்றன என்று முதியோரைக் கேட்பர். மழைநீர் மண்ணை அரிக்காதவாறு சரிவில் கான் வெட்டும் நுட்பத்தை, மலையில் வேலை செய்து ஓய்ந்த தாத்தாமாரைவிட நன்கறிந்தவர் யார்? அரிக்கப்படும் மண் கீழேயுள்ள நீர்த்தேக்கத்தையே சென்றடைகிறது என்பதும் அப்போதுதான் விளங்கும்.

ஊற்றுவாயில் அவர்கள் கட்டிய துணி இலைகளால் அடைபடலாம். சரளைக்கல்லை இட்டுப் பார்ப்பர். அதுவும் போதாமற் போகலாம். விடையை முந்திச் சொல்லாது ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டிய தருணம் அதுவே. ஆசிரியருக்கு இதைவிடக் கடினமான பயிற்சி வேறில்லை!

மலையகத்திலே ஒன்றைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பெரட்டுக்களத்தில் பிறர் ஏவிய வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த மக்களின் பிள்ளைகள் இவர்கள். பள்ளியும் "இதைச் சுமந்து வா, அதைக் கூட்டு" என்று ஏவுமாயின், அது தொண்டின் பெயரால் வந்த மற்றொரு பெரட்டேயன்றோ? எதைச் செய்வது, எவ்வாறு செய்வது என்பதைப் பிள்ளைகளே ஆராய்ந்து முடிவு செய்யட்டும். மேடான இடத்தில் ஏறுவதும் பாரம் தூக்குவதும் பெரியோர் பொறுப்பாகட்டும்.

வேலை முடிந்தபின் மதிப்பெண் இடவேண்டியவர் ஆசிரியரும் அல்லர். பீலியடியில் குடத்துடன் நிற்கும் தாய்மாரிடம் கேட்கவேண்டும். அவர்கள் குறை சொன்னால், மறுநாள் வகுப்பிலே வரைபடம் மீண்டும் விரிக்கப்படும்.