குழந்தையின் நெஞ்சில் நுண்துளை அறுவை சிகிச்சை: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

நிமோனியா வந்த குழந்தைக்கு மருந்து கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. ஸ்கேன் எடுத்தால் நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்திருக்கிறது. ‘சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், தழும்புகூடத் தெரியாது’ என்று மருத்துவமனையில் சொன்னதும் பெற்றோர் பலர் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

தோராக்கோஸ்கோப்பி எனப்படும் இந்த முறையில் விலா எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று துளைகள் இடுவார்கள். ஒன்றின் வழியே கேமரா போகும். மற்றவற்றில் 3 அல்லது 5 மில்லிமீட்டர் கருவிகள் போகும். பழைய முறையில் விலாவை அகட்டி நெஞ்சைத் திறக்க வேண்டும். சின்ன வயதில் அப்படித் திறந்த சிலருக்கு வளரும்போது முதுகெலும்பு வளைவதும் தோள்பட்டை எலும்பு புடைத்து நிற்பதும் உண்டு. நுண்துளையில் அந்த ஆபத்து குறைவு, வலியும் குறைவு.

ஆனால் எல்லா நோய்க்கும் இதுவே மேல் என்று சொல்ல முடியாது. சீழ் கட்டிய 60 குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஒரு பாதிப் பேருக்கு நுண்துளை அறுவை சிகிச்சை செய்தார்கள். மறுபாதிக்கு நெஞ்சில் குழாய் செருகி, சீழைக் கரைக்கும் மருந்து செலுத்தினார்கள். இரு தரப்பும் மருத்துவமனையில் தங்கிய காலம் ஏறக்குறைய ஒன்றே. அறுவை சிகிச்சைக்குத்தான் செலவு அதிகம். ‘குழாயும் மருந்தும் என் பிள்ளைக்குப் போதாதா?’ என்று கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பதாகாது.

பச்சிளங்குழந்தைகளுக்குக் கவலை வேறு. உள்ளே இடம் கிடைக்க கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி நுரையீரலைச் சுருக்குவார்கள். அந்த வாயு ரத்தத்தில் கலந்து அமிலத்தன்மையை ஏற்றலாம். உதரவிதானத்தில் துளையோடு பிறந்த சிசுக்களிடம் இது கடுமையாக இருந்ததை 2013-இல் வெளியான இன்னொரு லண்டன் ஆய்வு காட்டியது. சிசுக்களைக் கையாண்டு பழகிய மயக்க மருத்துவர் இருக்கிறாரா என்பது அதனால் முக்கியமான கேள்வி.

நெஞ்சு உள்குழிந்த பிள்ளைகளுக்கு, வளைந்த உலோகப் பட்டையை நெஞ்செலும்புக்கு அடியில் செருகி நிமிர்த்தும் முறையை அமெரிக்காவின் டொனால்ட் நஸ் 1987-இல் தொடங்கினார். பட்டை இரண்டு மூன்று ஆண்டு உள்ளேயே இருக்கும். அதை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். பட்டை இடம் நகரலாம், மிக அரிதாக இதயத்தில் காயம் படலாம். நிக்கல் ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்க உரிமை உண்டா? உண்டு. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. சிகிச்சை என்ன, எதற்காக, பலன் என்ன, மாற்று வழி உண்டா, பெரிய ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றைச் சொல்லித்தான் ஒப்புதல் பெற வேண்டும். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலை வைத்து அறுவை சிகிச்சை செய்யக் கூடாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டும் விதிவிலக்கு.

ரத்தக்கசிவு போன்ற காரணத்தால் பாதியில் நெஞ்சைத் திறக்க நேர்ந்தால் அதை மட்டும் வைத்து அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. பல நேரங்களில் அதுதான் பாதுகாப்பான முடிவு. அந்த வாய்ப்பு முன்பே சொல்லப்பட்டதா, படிவத்தில் எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

வீடு திரும்பிய பின் மூச்சுத்திணறல், மறுபடி காய்ச்சல், உதடு நீலமாதல், காயத்தில் சீழ் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தவறு நடந்ததாகத் தோன்றினால் முதல் வேலை ஆவணங்களைப் பெறுவது. எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிமுறைகள். அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவம், ஸ்கேன் படங்கள் எல்லாவற்றின் நகலும் கையில் இருக்கட்டும். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் மாநில மருத்துவ கவுன்சிலுக்குப் போகும். இழப்பீடு கேட்பதானால், கட்டணம் பெற்ற மருத்துவமனை மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே இழப்பீட்டுக்கு உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.